மச்சாள் தெரிவுசெய்த பிஸ்டல்

மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டியைக் கழற்றி மச்சாள் கண்ணாடி மேசையின்மேல் வைத்தார். ஒட்டுப்பட்டி சர்ரென்று பிரிந்த சத்தத்துக்குக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். டென்மார்க்கில் வைலே நகருக்கு வெளியே, உழவு இயந்திர உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த துவக்குக் கடை அது. சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. உள்ளே ஈரச் சப்பாத்துகளின் மணமும் எந்திர எண்ணெயின் மணமும் கலந்திருந்தன. எங்களுக்கு முன்னால் பச்சை விரிப்பொன்றின்மேல் இரண்டு பிஸ்டல்கள் கிடந்தன. அதுவரை நான் துவக்குகளைக் கண்டதெல்லாம் யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிகளில்தான், அதுவும் எங்கள் பக்கம் நீட்டியபடி. இப்படி உரிமையாளர் இல்லாமல், கத்தரிக்காய் போல மேசையில் கிடந்து நான் பார்த்ததில்லை. மச்சாளோ அவற்றைச் சந்தையில் காய் தெரிவுசெய்கிறவரைப் போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சாள் என் கணவரின் அக்கா. ஜேர்மனியில் அவருடைய கலியாணம் குலைந்தபின், ஒற்றைப் பெட்டியோடு எங்களிடம் வந்தார். "ஒரு மாசம் நிண்டிட்டுப் போறன் பிள்ளை" என்றுதான் வாசலில் வைத்துச் சொன்னார். என் மகள் அப்போது கைக்குழந்தை. அவள் பல்கலைக்கழகம் போகும்வரைக்கும் அந்த ஒரு மாதம் முடியவில்லை. நான் கோழி இறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலையில் காலை வேலை, மச்சாள் வயோதிபர் இல்லத்தில் பின்னேர வேலை. பகல் இரண்டு மணிக்கு நான் வர, இரண்டரைக்கு அவர் புறப்படுவார். இடையில் இருக்கிற அரை மணித்தியாலத்தில் தேநீர் குடித்தபடி குசினியில் நின்று கதைப்போம். எங்கள் இருவருடைய வாழ்க்கையிலும் அன்றன்றைக்கு நடந்தவை எல்லாம் அந்த அரை மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். அவர் இல்லாவிட்டால் அந்த வீடு நடந்திருக்காது. இது எனக்கும் என் கணவருக்கும் தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வயோதிபர் இல்லத்து வேலை மனிதரைத் தின்கிற வேலை. தூக்குவதற்கு இயந்திரம் இருக்கிறதுதான். ஆனால் இயந்திரத்தில் ஏறப் பயந்த கிழவி பிடிப்பது மச்சாளின் கையைத்தான். இருபது வருடம் அப்படிப் பிடி கொடுத்ததில் அவருடைய வலது மணிக்கட்டும் பெருவிரல் மூட்டும் தேய்ந்துபோயின. மருத்துவர் பட்டி ஒன்றைக் கொடுத்து, ஓய்வெடுக்கச் சொன்னார். ஓய்வு எடுத்தால் யார் வருவது என்று கேட்டுவிட்டு மச்சாள் வேலைக்குப் போனார். களைப்பு என்பதை அவர் முறைப்பாடாகச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே படியில் இருந்துவிடுவார், அவ்வளவுதான். சில நாட்களில் நான் போய்த்தான் கழற்றிவிடுவேன்.

அந்த இல்லத்து ஊழியர்களை வருடத்துக்கு ஒருமுறை உல்லாசமாக எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. முதல் வருடம் பந்துருட்டல், இரண்டாம் வருடம் ஒரு பாடசாலையின் நிலவறையில் இயங்கிய குறிசுடும் சங்கம். காற்றில் இயங்கும் பிஸ்டலைக் கொடுத்து, பத்து மீற்றர் தூரத்தில் ஒரு கடதாசி அட்டையைத் தொங்கவிட்டார்களாம். மற்றவர்கள் சிரித்துச் சிரித்துச் சுட்டார்கள். மச்சாள் சிரிக்கவில்லை. அவருடைய அட்டையில் ஓட்டைகள் எல்லாம் நடுக் கறுப்புக்குள்ளேயே இருந்தன. சங்கத் தலைவர், தச்சுவேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு நெட்டை மனிதர், அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முன்பு எங்கே சுட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். "எங்கேயும் இல்லை. சுடுகிற இடங்களில் குனிந்து இருந்திருக்கிறேன்" என்று டேனிஷில் சொன்னாராம் மச்சாள். அந்த அட்டையை அவர் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். மகள் பார்த்துவிட்டு, மாமி கலக்கிறா என்று டேனிஷில் கத்தினாள். என் கணவர் பார்த்துவிட்டுப் பால் எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு வாரம் ஒருமுறை அந்த நிலவறைக்குப் போகத் தொடங்கினார். காற்றுப் பிஸ்டலை விட்டு, ரவை, அதாவது தோட்டா, போட்டுச் சுடும் சின்னப் பிஸ்டலுக்கு மாறினார். எங்கள் ஆட்களுக்கு இது விளங்கவில்லை. பிறந்தநாள் விழா ஒன்றில் ஒருவர், "ஆரைச் சுடப் போறியள் அக்கா? ஜேர்மனிக்கு ரிக்கெற் போட்டாச்சோ?" என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள், மச்சாளும் சிரித்தார். கொஞ்சம் படித்த இன்னொருவர், நெஞ்சுக்குள் இருக்கிற யுத்தக் காயத்துக்கு இது ஒரு வடிகால் என்று மிகவும் இரக்கமாக விளக்கினார். அதற்குத்தான் மச்சாளுக்குக் கோபம் வந்தது. "எல்லாத்துக்கும் சண்டையைக் கொண்டுவந்து வைக்காதேங்கோ தம்பி. நான் ஒரு வேலையை வடிவாச் செய்யிறன். அது எனக்குப் பிடிச்சிருக்கு. டேனிஷ்காரன் சுட்டால் விளையாட்டு, நான் சுட்டால் நோயோ?" என்றார். காரில் திரும்பி வரும்போது என்னிடம் வேறொன்றும் சொன்னார்: "அங்கை நிக்கேக்க ஒருத்தரும் என்னைக் கூப்பிடமாட்டினம் பிள்ளை. காதுக்கு மூடி போட்டிருக்கிறன்தானே. மணி அடிச்சாலும் கேக்காது." வயோதிபர் இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு மணி இருக்கிறது. பின்னேரம் முழுவதும் அது அடித்துக்கொண்டேயிருக்கும்.

சொந்தமாகப் பிஸ்டல் வைத்திருக்க இங்கே இரண்டு வருடம் சங்கத்தில் ஒழுங்காகச் சுட்டிருக்க வேண்டும். சங்கம் பொறுப்புச் சொல்ல வேண்டும், பொலிஸ் அனுமதி தர வேண்டும். இரண்டு வருடம் முடிந்தபோது, பெரிய ரவைப் போட்டிக்கான அணியில் ஓர் ஆள் குறைகிறது, நீங்கள் சேர்கிறீர்களா என்று தலைவர் கேட்டார். அந்தப் போட்டிக்கு மச்சாள் அதுவரை சுட்டுவந்த சின்ன ரவைப் பிஸ்டல் சரிவராது. எல்லோரும் வைத்திருப்பது ஒன்பது மில்லிமீற்றர். கடைக்குக் கடை கிடைக்கும், ரவையும் கிடைக்கும், பழுதானால் திருத்தவும் ஆள் இருக்கும். சங்கத்தினுடைய ஒன்பது மில்லிமீற்றரை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். அடுத்த நாள் அவரால் கறிச்சட்டிக்குள் அகப்பையைத் திருப்ப முடியவில்லை. மணிக்கட்டு வீங்கிக் கோவைப்பழ நிறத்தில் இருந்தது. "இது கழுதை மாதிரி உதைக்குது" என்று இடது கையால் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி சொன்னார். அவ்வளவுதான், இதோடு விட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன்.

ஆனால் சங்கத்தில் ஒரு பழைய உறுப்பினரிடம் வேறொரு பிஸ்டல் இருந்தது. முப்பத்திரண்டு என்று அதைச் சொல்வார்கள். அங்குலத்தை நூறாகப் பிரித்தால் ரவையின் அளவு முப்பத்திரண்டு பங்கு. அந்த ரவையில் ஒன்றை மச்சாள் எனக்குக் காட்டப் படம் எடுத்து வந்திருந்தார். மற்ற ரவைகளைப் போல அதற்குக் கூர்மூக்கு இல்லை. பறந்துபோகிற ஈயச் சன்னத்தின் தலை மொட்டையாக, பித்தளைக் கோதுக்குள்ளேயே அமிழ்ந்திருந்தது. பார்த்தால் சன்னம் வைக்க மறந்துபோன வெறும் கோது போலிருக்கும். அந்த மொட்டைத் தலையால்தான் அது கடதாசியைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டிக்கொண்டு போகிறது என்றார். உதையும் குறைவு. "உதைக்கேல்லை பிள்ளை. கதவைத் தள்ளுற மாதிரித் தள்ளுது" என்று சொல்லி, என் உள்ளங்கையைத் தன் உள்ளங்கையால் மெல்லத் தள்ளிக் காட்டினார்.

சங்கத்தில் எல்லோரும் தடுத்தார்கள். மொட்டைத் தலை ரவையைச் சிக்காமல் ஏற்றுகிற தானியங்கிப் பிஸ்டல் செய்பவர்கள் மிகக் குறைவு. ரவையைச் சொல்லிவைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருநாள் விற்க நினைத்தால் வாங்க ஆள் இராது. முதல் பிஸ்டலே இப்படி ஒன்றாக இருக்க வேண்டுமா என்று கேட்டார்கள். மச்சாள் அவசரப்படவில்லை. மாரிகாலம் முழுவதும் யோசித்தார். பஸ்ஸில் இருந்து கைத்தொலைபேசியில் படங்கள் பார்த்தார். தேநீர் நேரத்தில் எனக்கு நன்மை தீமைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார், எனக்குப் பாதி விளங்கும். கடைசியில் ஒருநாள், "ஒருத்தருக்கும் வேண்டாததைத் தெரிவுசெய்யிறது எனக்குப் பழக்கம்தானே. முதல் ஒருக்கால் ஆளைத் தெரிவுசெய்து பிழைச்சுப் போச்சு. சாமான் அப்பிடி ஏமாத்தாது" என்றார்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை நாங்கள் அந்தக் கடையில் நின்றோம். கடைக்காரர் நேர்மையான மனிதர். புதிய ஒன்பது மில்லிமீற்றர் ஒன்றை முன்னால் தள்ளி, தொடங்குகிறவர்களுக்கு இதுதான் நல்லது என்றார். மற்றது முப்பத்திரண்டு, ஒருவர் பாவித்தது. மரக் கைபிடி, ஐந்து ரவை மட்டுமே கொள்ளும் கூடு, நல்ல பாரம். பாரமாக இருப்பது உதையைத் தான் வாங்கிக்கொள்ளும் என்று மச்சாளே எனக்குச் சொன்னார். கைபிடி அவருடைய கைக்குப் பெரிது. மரம்தானே, அரத்தால் குறைக்கலாம் என்றார் கடைக்காரர். மச்சாள் பிஸ்டலை எடுத்து, வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பினார். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார், பிறகு கண்ணைத் திறந்தார். முன் குறியும் பின் குறியும் நேர்கோட்டில் நின்றால் அந்தப் பிஸ்டல் கைக்குச் சரி என்பது கணக்கு. ஒன்பது மில்லிமீற்றருக்கும் அப்படியே செய்தார். பிறகு மறுபடி முப்பத்திரண்டு. மூன்றாம் முறை கண்ணைத் திறந்தபோது அவருடைய முகம் இளகியதைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதில், கசங்கிய மழைச்சட்டையோடு, ஏதோ ஒன்று தனக்குச் சரியாக அமைந்துவிட்ட ஒரு பெண்ணின் முகம். "இதுதான்" என்றார். இதைத் தேடி யாரும் வருவதில்லை என்றார் கடைக்காரர். "நான் வந்திருக்கிறேனே" என்றார் மச்சாள்.

பொலிஸ் அனுமதி வரும்வரை பிஸ்டல் கடையில்தான் இருக்கும். வந்ததும் வீட்டில் இரும்புப் பெட்டகம் ஒன்று வைத்து அதற்குள் பூட்ட வேண்டும். பெட்டகத்தைச் சுவரோடு சேர்த்து முடுக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், களஞ்சிய அறைச் சுவரில் நாலு துளை போடலாமா என்று மச்சாள் கேட்டபோதுதான் என் கணவருக்கு விசயம் முழுதாக விளங்கியது. துவக்குகள் எப்போதும் சங்கத்திலேயே இருப்பவை என்று அவர் அதுவரை நினைத்திருந்தார். சோற்றில் கைவைத்தபடி அப்படியே இருந்தார்.

"என்ர வீட்டுக்குள்ள வேண்டாம் அக்கா."

"பூட்டித்தான் வைக்கப்போறன் தம்பி."

"அண்ணையை எதால சுட்டவங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமெல்லே."

அவர்களுக்கு ஒரு மூத்த அண்ணர் இருந்தார். அவரை எங்கள் ஊர்ச் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். யார் என்பது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பிஸ்டலால் என்பது மட்டும் தெரியும். பதினாலு வயதில் என் கணவர்தான் உழவு இயந்திரப் பெட்டிக்குள் அந்த உடலோடு இருந்து வீடுவரை வந்தார். இதை அவர் எனக்கு எங்கள் கலியாணத்துக்கு மறுநாள் சொன்னார். பிறகு ஒருபோதும் சொன்னதில்லை.

"தெரியும்" என்றார் மச்சாள். "எனக்கும் அவர் அண்ணைதான். அவருக்கு நான்தான் மூண்டு நேரமும் சாப்பாடு போட்டனான்."

"தெரிஞ்சுகொண்டுமோ?"

"நான் கடதாசியைச் சுடுறன் தம்பி."

"எனக்கு அது கடதாசியாத் தெரியேல்லை."

மகள் குறுக்கிட்டு, அது வெறும் விளையாட்டு அப்பா என்று டேனிஷில் சொன்னாள். அவர் கைகழுவ எழுந்துவிட்டார். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

அதற்குப் பின் வந்த கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு அலுக்கிறது. அக்காவும் தம்பியும் ஒருவரோடொருவர் மரியாதையாகப் பேசத் தொடங்கினார்கள். உப்புப் போதுமோ என்று கேட்டுக்கொண்டார்கள். இருவரும் தனித்தனியே வந்து என்னிடம் களைப்பை இறக்கிவைத்தார்கள். எட்டு மணித்தியாலம் பனிக்குளிர் மண்டபத்தில் கோழி பொதி செய்துவிட்டு வந்து, நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது, அதுதான் பெரிய தொல்லை. பிஸ்டலைச் சங்கத்திலேயே வைக்கக் கேட்டுப் பார்க்கலாமே என்று மச்சாளிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் தேநீரைக் கலக்கினார். "வைக்கலாம் பிள்ளை. அவங்கள் ஓம் எண்டுதான் சொல்லுவாங்கள். ஆனால் எனக்கெண்டு ஒரு சாமான் வாங்கி, அதை இன்னொரு இடத்தில வைக்கிறதெண்டால்... நான் இந்த வயசிலயும் ஆரோ ஒராளின்ர வீட்டில இருக்கிறன் எண்டுதானே அர்த்தம்" என்றார். சொல்லிவிட்டு உடனே என் கையைப் பிடித்து, "உன்னைச் சொல்லேல்லை" என்றார். அவர் என்னைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சொன்னது உண்மை என்பதும் தெரியும்.

வசந்தம் தொடங்கும்போது, வயோதிபர் இல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு கிடைத்திருக்கிறது, பஸ் ஏறத் தேவையில்லை என்று அறிவித்தார். பஸ்ஸைத்தான் காரணமாகச் சொன்னார். நாங்கள் மூவரும் அதையே காரணமாக ஏற்றுக்கொண்டோம். மகள் மட்டும் தன் அறைக் கதவை அடித்துச் சாத்தினாள். ஒற்றைப் பெட்டியோடு வந்தவருக்குப் போகும்போது இருபது பெட்டி சேர்ந்திருந்தது. என் கணவரே வாடகை வான் பிடித்து, ஒவ்வொன்றாக இரண்டாம் மாடிக்குச் சுமந்தார். வேர்த்து விறுவிறுத்துக் கடைசிப் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பியபோது, சாமான் கொண்டுவருகிற ஆட்கள் இருவர் மூச்சுவாங்கியபடி ஓர் இரும்புப் பெட்டகத்தை வாசலுக்குள் இறக்கி வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு சின்னப் பிள்ளையின் உயரம் இருக்கும். சாம்பல் நிறம். அந்த வெறும் முன்கூடத்தில் அது எங்களோடு வந்த நாலாவது ஆள் போல நின்றது.

மச்சாள் அதைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்தார். "நாளைக்குத் தலைவர் வாறன் எண்டவர் தம்பி. அவர் பூட்டித் தருவார். நீ போய்ச் சாப்பிடு" என்றார். என் கணவர் படியிறங்கிப் போனார். வானின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போய்விடப் போகிறார் என்று நினைத்து நான் என் மேற்சட்டையைத் தேடினேன். அவர் துளையிடும் இயந்திரத்தோடு மேலே ஏறி வந்தார். திரைச்சீலைக் கம்பி பூட்டவென்று கொண்டுவந்திருந்தது அது. உள்ளறைச் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இந்தச் சுவர் நொய்ஞ்ச சுவர், அந்தச் சுவர்தான் கொங்கிறீற் என்றார். பிறகு பெட்டகத்தை உள்ளே தள்ளி அந்தச் சுவரோடு சேர்த்து நிறுத்திவிட்டு, முழங்காலில் இருந்து, பெட்டகத்துக்குள் தலையை விட்டபடி நாலு துளை போட்டார். அறை முழுவதும் வெள்ளைத் தூசு. ஒவ்வொரு ஆணியையும் முகம் சிவக்க இறுக்கினார். முடிந்ததும் இரண்டு கையாலும் பெட்டகத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பிறகு தோளைக் கொடுத்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"இனி ஆரும் எடுக்கேலாது" என்றார், தூசு படிந்த கண்ணிமையோடு. "பூட்டின்ர திறப்பை எங்கையும் போட்டு வைச்சிடாதேங்கோ அக்கா."

"இல்லைத் தம்பி" என்றார் மச்சாள். சின்னப் பிள்ளை போல மிக மெதுவாகச் சொன்னார்.

அந்தப் பிஸ்டலை என் கணவர் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. அக்காவின் வீட்டுக்குப் போனாலும் அந்த அறைப் பக்கம் போகமாட்டார். அந்த நாலு ஆணியையும் சமாதானம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பூட்டி வைக்கப்பட வேண்டியது நன்றாகப் பூட்டப்பட வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர், அதைச் செய்தார். எங்கள் வீட்டில் மாடி அறை வெறுமையாயிற்று. வேலை முடிந்து வந்து நான் தனியாகத் தேநீர் குடிக்கப் பழகினேன். அந்த அரை மணித்தியாலம் இப்போது ஒரு மணித்தியாலமாகத் தெரிகிறது. மகள் கோப்பன்ஹேகனில் வேலைக்குப் போய்விட்டாள்.

மச்சாள் அந்த முப்பத்திரண்டால் நாலைந்து வருடம் வலது கையால் சுட்டார். அணியில் அவருடைய இடம் நிலைத்தது. போன வருடம் பெருவிரல் மூட்டை வெட்டிச் சரிசெய்தார்கள். இனி அந்தக் கை பிடிக்காது என்றாகிவிட்டது. வயோதிபர் இல்லத்து வேலையும் அதோடு முடிந்தது. பிஸ்டலையும் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் இடது கைக்கு ஏற்ற மரக் கைபிடி ஒன்றைச் சொல்லிவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து எடுப்பித்தார். அறுபது வயதுக்கு மேல் இப்போது எல்லாவற்றையும் மறுபக்கத்திலிருந்து பழகுகிறார். பழகி வந்த இரவு எனக்குத் தொலைபேசி எடுப்பார். மழை பெய்ததா, கால் நோகிறதா, மகள் எடுத்தாளா என்று கேட்டுவிட்டு, புள்ளியையும் காலநிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வைப்பார். நானும் அதற்கு ஓம் ஓம் என்பேன். என் கணவர் எதிர்க் கதிரையில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கதை அவருடைய காதில் விழுகிறதா என்று நான் கேட்டதில்லை.

போன கிழமையும் எடுத்தார். வைத்தபின் நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"என்னவாம்?" என்றார் என் கணவர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ஒண்டுமில்லை. எழுபத்தொண்டாம்."

"நூற்றுக்கோ?"

"ஓம்."



"குறைஞ்சிட்டுது" என்றார். "போனமுறை எழுபத்தாறெல்லே."